படம் பிடிக்குமுன் செய்யும் ஒப்பனை பொய்யாகுமா?

மனிதன் தன்னைப் படம் பிடித்துக்கொள்ளப் புறப்படுமுன் செய்துகொள்ளும் சிங்காரங்களைக் குறித்து நம் மக்களிடையே இருவிதமான அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. “உள்ளது உள்ளபடி விழுவதற்குத்தானே படம்? அதற்கு ஏன் இத்தனை வேஷம்?” என்று கேட்பவர்கள் ஒரு சாரார். “நாலு பேர் பார்க்கப்போகிற படமாயிற்றே, நன்றாக இருக்கவேண்டாமா?” என்று கேட்பவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே மனிதருக்குள்ளேயே குடியிருப்பதையும் நாம் காண்கிறோம். மகள் படமெடுக்கப் புறப்படும்போது முணுமுணுக்கும் தகப்பனார், தம்முடைய அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் நாளில் மூன்று சட்டைகளை மாற்றிப் பார்க்கிறார். இதைச் சிரித்துவிட்டுப் போகும் சங்கதியாக நாம் கருதவில்லை. உண்மைக்கும் மரியாதைக்கும் இடையில் எங்கே கோடு கிழிப்பது என்ற பெரிய கேள்வி இந்தச் சின்னக் காரியத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மார்சிலிங்கையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் வடகோடியில் ஜோகூர்க் கடற்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள இவ்வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற பூமி. இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் நிற்கும் பூமி. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வழியே, ஜோகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து வேலைக்கு வருகிறார்கள். பக்கத்து உட்லண்ட்ஸ் வட்டாரத்து விடுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. ஆக, தோட்டத்தாரும் பட்டணத்தாரும் ஊரிலிருந்து வந்தவர்களும் ஒரே மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் இடம் அது. பட்டமளிப்போ, பெண் பார்க்கும் பேச்சோ, விளம்பரத்துக்கு மாடலாக நிற்கும் ஆசையோ எது வந்தாலும், மார்சிலிங்கில் ரயிலேறி, நியூட்டனில் மாறி, தேக்காவில் இறங்கிச் சிராங்கூன் சாலைப் பக்கம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவது அங்குள்ளவர்களுக்குச் சாதாரணம்.

அந்தப் பயணத்துக்கு முந்திய நாட்களைக் கவனித்தவர்களுக்கு இது ஒரு சிறிய திருவிழாவுக்குக் குறைந்ததல்ல என்பது தெரியும். தையற்காரரிடமிருந்து ரவிக்கை வரவேண்டும். வந்ததை ஒருமுறை போட்டுப் பார்த்து, தோளில் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பையன் தலைமுடி வெட்டிக்கொள்வதானால் அன்றைக்கே வெட்டிக்கொள்ளாமல் மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். புதிதாக வெட்டிய தலை படத்தில் இன்னொருவர் தலையைப் போலவே இருக்கும். எண்ணெய் வழியும் நெற்றியில் விளக்கு பட்டால் வெள்ளைத் திட்டாக விழும். ஆகையால் கைக்குட்டை ஒன்று மறவாமல் பையில் போகவேண்டும். பஃப்ளோ சாலையில் மல்லிகை வாங்கிக்கொள்ளலாம். கழுத்துச் சங்கிலி மட்டும் குறைகிறது. “அக்கா, ஒரு நாளைக்கு மட்டும்” என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார் தாயார். நாம் விசாரிக்க வேண்டிய பிரச்னை இந்த இடத்திலேதான் ஆரம்பமாகிறது.

முதலாவதாக, ‘உள்ளது உள்ளபடி’ என்ற பேச்சைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். 1839இல் பாரிஸ் நகரில் தாகேர் என்பவருடைய முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, படக்கருவி ஒன்றுதான் பொய் சொல்லாத சாட்சி என்ற நம்பிக்கை ஜனங்களிடையே பரவிற்று. சிங்கப்பூரிலேயே 1843இல், துத்ரோன்குவா என்ற ஓட்டல்காரர் உருவப்படம் பிடித்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்துவிட்டார். ஆனால் அந்தச் சாட்சியின் யோக்கியதை என்ன? அந்நாட்களில் படத்துக்கு உட்காருபவர் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தபடியால், கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை வைத்துத் தலையை நிறுத்துவார்கள். அதற்குப் பின் வந்த கண்ணாடித் தட்டுகளோ நீல ஒளியை மிகையாகவும், மஞ்சளையும் சிவப்பையும் மிகக் குறைவாகவும் உணர்ந்தவை. நீல வானம் வெள்ளையாக விழும். சிவந்த குங்குமம் கரும்பொட்டாக விழும். நம் பெண்மக்கள் மஞ்சள் பூசிக் குளித்துப் பொலிவாக வந்து உட்கார்ந்தால், அந்தப் பொலிவே தட்டில் கறுப்பாக மாறும். பிறகு படக்காரர் கூரான பென்சிலை எடுத்துக்கொண்டு தட்டின்மேல் சுருக்கங்களைத் திருத்துவார். இவ்வளவும் நடந்து முடிந்த பின் கைக்கு வரும் காகிதத்தை ‘உள்ளது உள்ளபடி’ என்று சொல்லுவதானால், அதில் உள்ளபடி இருப்பது எது என்று நாம் கேட்க வேண்டியவர்களாகிறோம். கருவிக்கும் ஒரு சார்பு உண்டு. கருவி தன் பங்குக்கு ஒப்பனை செய்துகொண்டிருக்கையில், உட்காருபவர் மட்டும் ஒப்பனை செய்துகொள்ளக் கூடாது என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இதைவிட முக்கியமான வேறொன்றும் உண்டு. ஆயத்தம் செய்துகொள்ள விடாமல் எடுக்கப்பட்ட படங்களும் உலகத்தில் ஏராளமாக இருக்கின்றன. அவை யாருடைய படங்கள்?

மொரீஷியஸ் தீவில் ஒப்பந்த காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள், 1867ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, தங்கள் உருவப்படம் ஒட்டிய சீட்டை எங்கு போனாலும் வைத்திருக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சீட்டில்லாமல் அகப்பட்டால் தண்டனை. தமிழ் பேசியவர்களும் அவர்களில் இருந்தனர். அந்தப் படங்கள் இன்றும் அத்தீவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. நம் பக்கத்திலேயே, 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமான பின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் கைநாட்டும் கொண்ட அடையாள அட்டை விதிக்கப்பட்டது. தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் படக்காரர்கள் போய் வரிசையாக நிறுத்தி எடுத்தார்கள். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு வாழ்நாளின் முதல் படமே அதுதான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள்; அரசாங்கமோ அட்டையில்லாதவரைச் சந்தேகித்தது. இரண்டு பயங்களுக்கும் நடுவில் நின்றவர்கள் முகத்தில் என்ன களையை எதிர்பார்க்க முடியும்?

இன்னொன்று. சென்னை அரசாங்க மியூசியத்தின் மேலதிகாரியாயிருந்த எட்கார் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு பாகங்கள் வெளியிட்டார். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அந்த நூலில் படங்களும் உண்டு. புரட்டிப் பாருங்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஜாதியின் பெயர் இருக்கும். மனிதனின் பெயர் இராது. அவனுக்கு ஒரு தாய் பெயர் வைத்திருப்பாள் என்ற நினைவே அச்சிட்டவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சிங்காரம் இல்லை, கடன் வாங்கிய நகை இல்லை, வேஷம் இல்லை. ‘உள்ளது உள்ளபடி’ விழவேண்டும் என்பவர்கள் கேட்கும் உண்மை இதுதானா? ஒரு மனிதனைப் பற்றி அவனுடைய ஜாதியைத் தவிர வேறொன்றும் சொல்லாத படத்தைவிடப் பெரிய பொய் வேறென்ன இருக்க முடியும் என்று நாம் கேட்கிறோம்.

ஆகவே, “நான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு சொல் உண்டு” என்பதே ஆயத்தத்தின் உட்பொருள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியோடி, பின்னர் உலகறிந்த பேச்சாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய படங்கள் நூற்றறுபது வரை கிடைத்திருப்பதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தனை தடவை படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் வேறொருவர் இல்லை என்கிறார்கள். ஒழுங்காக வாரிய தலை, கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை, நல்ல கோட்டு, நேரான பார்வை. பல்லிளிக்கும் அடிமையின் கேலிச்சித்திரத்தைத்தான் அந்நாட்டுப் பத்திரிகைகள் பரப்பி வந்தன. ஆதலால் அவர் கருவியின் முன் சிரிப்பதைத் தவிர்த்தார். அவ்வாறே அடிமையாகப் பிறந்த சோஜர்னர் ட்ரூத் என்ற மூதாட்டி, வெள்ளைக் குல்லாயும் சால்வையும் அணிந்து, பின்னல் வேலையைக் கையில் பிடித்தபடி படமெடுத்து, அந்த அட்டைகளை விற்றுத் தமது பிரசாரச் செலவுக்கு வைத்துக்கொண்டார். 1864இல் படத்தின் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவும் செய்துகொண்டார். ஒரு காலத்தில் அவருடைய உடலையே பிறர் விற்றார்கள். பின்னர் தம் நிழலைத் தாமே விற்கும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டார். இவர்கள் செய்துகொண்டதும் ஒப்பனைதான். அதைப் பொய் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நம்மவர்களிடையே முன்பு ஒரு மூடநம்பிக்கை இருந்தது: படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று. இதனால் என்ன நேர்ந்தது தெரியுமா? உயிரோடிருக்கும்போது படமெடுக்காத பெரியவர்களை, இறந்த பிறகு நாற்காலியில் சார்த்தி, மாலையிட்டு, சுற்றத்தார் சூழ நின்று படமெடுத்தார்கள். தனக்குப் பிடித்த சேலை எது என்று சொல்ல முடியாத நிலையில் ஒரு பாட்டிக்குப் பிறர் ஆயத்தம் செய்தார்கள். பல வீடுகளின் சுவரில் தொங்கும் ஒரே முகம் அவ்வாறு மூடிய கண்களோடு இருப்பதைப் பார்த்திருப்பவர்கள், உயிரோடிருக்கும்போதே பாட்டியை நல்ல சேலை கட்டச் சொல்லித் தேக்காவுக்கு அழைத்துப் போகும் பேரப்பிள்ளையைப் பரிகாசம் செய்யமாட்டார்கள்.

நிற்க. இவ்வளவு சொன்னதால் எல்லாச் சிங்காரமும் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக வாசகர்கள் எண்ணிவிடலாகாது.

விடுதியில் பலரோடு ஓர் அறையில் படுத்துறங்கும் தொழிலாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை அணிந்து, யாருடைய காரின் அருகிலோ நின்று, கறுப்புக் கண்ணாடியோடு படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறார். தாயார் கவலைப்படக் கூடாது என்பதே அவர் எண்ணம். அதைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது, நமக்கும் வரவில்லை. ஆனால் அந்தப் படம் தாயாரின் கையோடு நிற்பதில்லை. தம்பி பார்க்கிறான், தெருவில் உள்ளவர்கள் பார்க்கிறார்கள். அண்ணன் தலைக்குமேல் இன்னும் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இருப்பது படத்தில் தெரிவதில்லை. நிலத்தை ஈடு வைத்துத் தம்பியும் புறப்படுகிறான். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் கங்காணி சலவை வேட்டியும் கையில் மோதிரமுமாய் ஊருக்கு வந்து நின்றதும் இதே வேலையைத்தான் செய்தது. பேச்சைவிட அந்தக் கோலமே அதிகம் ஆள் சேர்த்தது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்கள் உதவிபெற்றுப் போவதைத் தடுக்கும் வரை எத்தனை குடும்பங்கள் அந்த வேட்டியின் வெளுப்பை நம்பிக் கப்பலேறின என்பதைத் தோட்டத்து மூத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கங்காணிக்கு அதில் லாபம் இருந்தது, இத்தொழிலாளிக்கு இல்லை. மனிதர் இருவரும் ஒன்றல்லர். ஆனால் ஏமாந்தவன் கட்டும் வட்டி ஒன்றுதான்.

இங்கேதான் நமக்கு ஓர் அளவுகோல் கிடைப்பதாகத் தோன்றுகிறது. நாம் அணிந்துகொண்டது நம்முடையதா, கடன் வாங்கியதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அந்தப் படத்தை நம்பி யார் எதைக் கொடுக்கப் போகிறார்கள் என்பதே முக்கியம். வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் படத்தில் அடுத்த வீட்டு அக்காவின் சங்கிலி இருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை; அக்காவுக்குச் சந்தோஷம்கூட. அதே சங்கிலி வரன் வீட்டாருக்குப் போகும் படத்தில் இருந்தால், அவர்கள் அதை ஒரு வாக்குறுதியாகப் படித்துக்கொள்வார்கள். பிறகு அந்த வாக்குறுதியைத் தீர்ப்பதற்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுக்கவேண்டியவர் தகப்பனார். பேச்சுக் கேட்கவேண்டியவள் பெண். சங்கிலியைப் பார்த்துப் பெண் தேடுகிறவர்களின் யோக்கியதையைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதை இன்னொரு சமயம் பேசலாம். விடுதித் தொழிலாளிக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: நல்ல சட்டையோடு படம் எடுங்கள், அனுப்புங்கள், அதோடு கூடவே தம்பிக்குத் தனியாக, சம்பளம் இவ்வளவு, கடன் இவ்வளவு, மீதி இவ்வளவு என்று கணக்கையும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்தது நிறம். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை. மார்சிலிங்கிலிருந்து புறப்பட்ட பெண், கறுப்பான முகத்தோடு கருவியின் முன் உட்காருகிறாள். படம் கணினித் திரையில் வருகிறது. ஒருவரும் கேட்காமலே படக்காரரின் விரல் ஒரு பொத்தானைத் தட்ட, முகம் இரண்டு படி வெளுக்கிறது. அதைப் பார்த்துத் தாயாரின் முகம் மலர்கிறது. பெண் பேசாமல் இருக்கிறாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. என்றாலும் அந்த அறையில் அப்போது நடந்தது என்ன? உன் முகம் திருத்தப்படவேண்டிய பிழை என்று, வாய் திறக்காமலே, மூன்று பேர் முன்னிலையில் அவளுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. டக்ளஸ் செய்ததற்கு நேர் எதிரான காரியம் இது. இகழ்ந்தவனின் கண்ணை மறுப்பதற்காக அவர் ஆயத்தம் செய்தார். இங்கே இகழ்ந்தவனின் கண்ணையே நாம் வாங்கி மாட்டிக்கொள்கிறோம். முகப்பூச்சுக் கம்பெனிகள் இதை வியாபாரமாக்கிக் கொழுத்த கதை எல்லாருக்கும் தெரியும். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, உலகெங்கும் கண்டனம் எழுந்தபின் 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. டப்பா மட்டும் கடையில் அதே தட்டில் இருக்கிறது.

இதிலே கருவிக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. வண்ணப்படங்கள் வந்த காலத்தில் கொடாக் கம்பெனி, நிறம் சரிபார்ப்பதற்காகப் படச்சாலைகளுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. பல வருஷங்கள் வரை அந்த அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே. அவள் முகம் சரியாக விழுந்தால் நிறம் சரி. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி விழுந்ததைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. இன்றைய கருவியிலும் வேறொரு தந்திரம் உண்டு. வெள்ளைச் சுவரின் முன் கறுத்த முகத்தை நிறுத்தினால், வெளிச்சம் மிதமிஞ்சி இருப்பதாக எண்ணிக் கருவி தானே ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. முகம் உள்ளதைவிட இருண்டு விழுகிறது. இதற்குப் பரிகாரம் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் விளக்கைத் திருப்புவது, அல்லது ஒளியின் அளவைக் கையால் ஏற்றிவைப்பது. தொழில் தெரிந்த படக்காரருக்கு ஒரு நிமிஷ வேலை. முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது வேறு, முகத்தை வெளுப்பது வேறு. “விளக்கை இந்தப் பக்கம் வையுங்கள், நிறத்தை மட்டும் தொடாதீர்கள்” என்று சொல்லும் உரிமை காசு கொடுப்பவருக்கு உண்டு. ரவிக்கை தைக்கக் கொடுப்பதைப் போல் இதுவும் ஆயத்தத்தில் சேர்ந்த காரியமே. நம் தாய்மார்கள் இதைப் பழகிக்கொள்ள வேண்டுமென்பது நமது ஆசை.

வேடிக்கை என்னவென்றால், தோற்றத்தையே சரக்காக விற்கும் மாடல் தொழிலில் முதன்முதலாகக் கேட்கப்படுவது சிங்காரமில்லாத முகந்தான். ஜன்னல் வெளிச்சத்தில், சாதாரணச் சட்டையில், முடியைப் பின்னால் கட்டி, பூச்சில்லாமல் எடுத்த படங்களைத்தான் நேர்மையான ஏஜென்சிகள் முதலில் அனுப்பச் சொல்கின்றன. என்ன வாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டுமல்லவா? அதற்கு மாறாக, தெருவில் நிறுத்தி, “உன் முகத்துக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, முதலில் ஆல்பத்துக்குப் பணம் கட்டு” என்பவர்களிடம் இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நல்ல ஏஜென்சி, வாங்கிக் கொடுக்கும் வேலையிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆல்பம் விற்றுப் பிழைக்காது. அரசாங்கமும் இவ்விஷயத்தில் கறார்தான். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் கேட்கும் படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம், பின்னணி வெள்ளை, மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, திருத்தம் செய்யப்படாததாக இருக்கவேண்டும். நல்ல சட்டைக்குத் தடையில்லை. தகப்பனார் மூன்று சட்டைகளை மாற்றிப் பார்த்ததில் சட்ட விரோதம் ஒன்றுமில்லை.

சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் லீ பிரதர்ஸ் என்ற படநிலையம் ஒன்று முன்பு இருந்தது. 1910 முதல் 1925 வரை அங்கே எடுக்கப்பட்டவற்றில் மிகையாக அச்சிட்டவையும், எடுத்துக்கொண்டவர்கள் திரும்ப வந்து வாங்காமல் விட்டவையுமாக ஏறக்குறைய 2,500 படங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் எல்லாரும் அவற்றில் உண்டு. குளித்து, உடுத்தி, வாரி முடித்து, குழந்தையை அழாமல் தேற்றி, மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் வாங்கிப் போகவில்லையோ. காசு குறைந்ததோ, கப்பல் புறப்பட்டுவிட்டதோ. அவ்வளவு ஆயத்தமும் படத்தில் அப்படியே இருக்கிறது. பெயர்தான் இல்லை; அவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்ல இன்று ஆளில்லை. தர்ஸ்டன் புத்தகத்தில் பெயரைப் போடாதவர் அதிகாரி. இங்கே அது தானாகவே நழுவிப் போயிற்று. ஆகையால், மார்சிலிங்கிலிருந்து தேக்காவுக்குப் போகும் அன்பர்கள் கைக்குட்டையோடு ஒரு பென்சிலையும் எடுத்துச் செல்லட்டும். படத்தின் முன்பக்கத்துக்கு அத்தனை பாடுபடுகிறவர்கள், பின்பக்கத்தில் பெயரையும் தேதியையும் ஊரையும், முடியுமானால் அந்தச் சங்கிலியைக் கொடுத்த அக்காவின் பெயரையும், எழுதி வைப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும்.